வழி தவறாத பயிற்சியாளர்

மனிதரில் ஓர் இனம் உண்டு. அது ஒருபோதும் தவறு செய்யாது. செய்த தவறையெல்லாம் பாடமாக்கிவிடும். அதை மெல்பேர்ணில் பார்க்க வேண்டுமானால், மலைப்பக்கம் போகாதீர்கள் என்று வானொலி கெஞ்சுகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து மலைக்குப் போங்கள். கழுத்தில் விசில், நெஞ்சில் திசை காட்டும் கொம்பாஸ், மூக்கு நுனியில் ஒரு துளி நீருடன் பனிநடைப் பயிற்சியாளர் நிற்பார்.

நான் ஐந்தாம் வகுப்போடு கப்பலேறி, மெல்பேர்ண் டண்டினொங்கில் சொந்த வெல்டிங் பட்டறை போட்டவன். படித்தவர்களைக் கண்டு எனக்குப் பயமில்லை. எழுபத்தெட்டாம் ஆண்டு ஓகஸ்டில், அங்கே நடுக்குளிர்காலம், எங்கள் தமிழ்ச் சங்கத்துக் கணக்காளர் விக்னராஜாவின் பனிநடை வகுப்புக்கு நானும் நர்ஸ் யோகராணியும் போனோம். மலையடிக் கார் நிறுத்துமிடத்திலேயே ஒரு மணி நேரம் பேசினார்: நனைந்தால் காயாத பருத்தி உடுக்கக் கூடாது, முகில் இறங்கினால் திரும்பிவிட வேண்டும், திரும்பத் தெரிந்தவனே மலைக்காரன்.

முகில் இறங்கியது. திரும்பினாரா? மாணவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த வாத்தியார் திரும்புவார்?

ஈரப்பனியில் இரண்டு மணி நேரம் நடந்தோம். யோகராணியின் கம்பளிக் கையுறை ஊறிவிட்டது. என் பட்டறைத் தோல் கையுறையைக் கொடுத்தேன். அது இல்லாவிட்டால் விரலே போயிருக்கும். அப்போது பனியில் காலடிகள் தெரிந்தன.

"பாருங்கோ, முன்னுக்கும் ஆக்கள் போயிருக்கினம். வழி சரி," என்றார் விக்னராஜா.

"அந்தக் குதியிலை மூண்டு ஆணி இருக்கு, மாஸ்டர். அது என்ரை சப்பாத்து," என்றேன்.

ஒரு கணம்தான் யோசித்தார். "ஓம். முகிலுக்கை மனிசன் வட்டமாய்த்தான் நடப்பான். அதைத்தான் இப்ப காட்டினனான்."

யோகராணி கையை நீட்டினாள். "அண்ணை, கொம்பாசைத் தாங்கோ. எனக்கு விரல் மரத்துப் போச்சு, இன்னும் ஒரு மணித்தியாலத்திலை இருண்டிடும். ரோட்டு தெற்கை. நான் போறன், வாறதெண்டால் வாங்கோ."

முக்கால் மணி நேரத்தில் தார் ரோட்டில் நின்றோம். அவள் விரல்களில் மெல்ல நிறம் திரும்பியது.

அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில் விக்னராஜா எழுந்தார்: "கடைசிப் பகுதியிலை யோகராணியை முன்னுக்கு விட்டனான். தலைமைப் பயிற்சி." கைதட்டினார்கள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. போன கிழமை சிட்னியில் பரமட்டாவுக்கென்று புறப்பட்டு வேறெங்கோ போய்ச் சேர்ந்தபோது, காரில் பக்கத்தில் இருந்த மனைவியிடம் என்ன சொன்னீர்கள்? "இந்தப் பக்கத்தையும் உமக்குக் காட்டுவமெண்டுதான் வந்தனான்" என்றா?