ஆறு வாரமாக ஓடாத அக்கா எழுதுவது

மேனாம்பேடு, அம்பத்தூர்
வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள தம்பி ஞானசேகரனுக்கு,

அக்கா லோகநாயகி எழுதுவது. இங்கு நான் நலம், என் முழங்காலும் நலம். வேலூரில் நீயும் உன் சர்க்கரையும் கட்டுக்குள் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் ஏதோ ஒரு மண்டபத்தில் வயது வந்த ஆண்களைத் தரையில் படுக்க வைத்து அதட்டுகிறேன் என்று உன் மருமகள் சுதா சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வருகிறாளாம். நான் யாரையும் படுக்க வைக்கவில்லை. நான் போனபோதே அவர்கள் படுத்துத்தான் இருந்தார்கள். அதட்டியது மட்டும் உண்மை. அதற்குக் காரணம் இருக்கிறது.

செப்டம்பரில் ஒரு காலை, நான் வழக்கமான மூன்று கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது, எதிர் ஃபிளாட் வெங்கட், "குட் மார்னிங் ஆன்ட்டி, மெதுவா போங்க" என்று சொல்லிக்கொண்டே என்னை முந்திப் போனான். அவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், நல்ல பிள்ளைதான். ஆனாலும் அறுபத்தெட்டு வயதில் மெதுவாகப் போவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுநாளே எட்டு கிலோமீட்டர் ஓடினேன். அதற்கு மறுநாள் முழங்கால் வலியில் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினேன். நீ கேள்விப்பட்டது போல நான் எங்கும் விழவில்லை.

பிசியோதெரபிஸ்ட் அழுத்திப் பார்த்துவிட்டு, என் இடுப்புத் தசை வேலையே செய்யவில்லை, அதன் வேலையையும் சேர்த்து முழங்கால் இழுத்துப்போட்டுச் செய்திருக்கிறது என்றார். ஃபேக்டரியில் பக்கத்து மேஜைக்காரரைப் பற்றி உன் அத்தான் முப்பத்தெட்டு வருடம் சொன்னதும் இதையேதான். ஆறு வாரம் ஓடக்கூடாது, செவ்வாய் வியாழன் பிலாட்டீஸ் என்கிற தரைப்பயிற்சி, சனிக்கிழமை யோகா என்று எழுதிக் கொடுத்தார்.

வகுப்பு கல்யாண மண்டபத்து மாடியில். வருகிறவர்கள் எல்லோரும் அடிபட்ட ஓட்டக்காரர்கள், ஒருவருக்குக் குதிகால், ஒருவருக்குக் கெண்டைக்கால், முதல் வரிசையில் யாரென்று பார்த்தால், தொடையைப் பிடித்துக்கொண்டு வெங்கட்! எனக்கு அவன்மேல் திடீரென்று பிரியம் வந்துவிட்டது. சொல்லித்தரும் ரேஷ்மா தங்கமான பெண், எண்ணத்தான் வராது. இடுப்பைத் தூக்கிப் பாலம் மாதிரி நிறுத்தி இருபது எண்ண வேண்டும், இவள் பதினொன்றில் யாருடைய காலையோ திருத்தப் போவாள், திரும்பி வந்து பதினாறு என்பாள். நடுவில் இருந்த நாலு எண் எங்கே போச்சு என்று படுத்தபடியே கேட்டேன்.

"அப்ப நீங்களே எண்ணுங்களேன் மேடம்" என்றாள் சிரித்துக்கொண்டே.

எண்ணினேன். யாருடைய இடுப்பு இறங்கினாலும் மறுபடி ஒன்றிலிருந்து.

"ஆன்ட்டி, பத்தொம்பதுல வந்து திரும்ப ஒண்ணா? இது அநியாயம்!" என்று கத்தினான் வெங்கட்.

"இடுப்பு, வெங்கட்" என்றேன். நீ இதை அதட்டல் என்றால் அதட்டல்தான்.

சனிக்கிழமை யோகா முடிவில் எல்லோரும் சவாசனத்தில் கண்ணை மூடி ஐந்து நிமிடம் கிடக்க வேண்டும். ரேஷ்மா நாலிலேயே எழுப்பிவிடுகிறாள் என்பதால், உன் அத்தானின் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நான் மட்டும் நின்று நேரம் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து வீட்டு வேலை செய்யும் அஞ்சலை சாவி கொடுக்க வந்துவிட்டாள்.

"ஐயோ பெரிம்மா, இன்னா ஆச்சு இவங்களுக்கு? பன்னண்டு பேரும் அசையாம கீறாங்க, நீ மட்டும் நின்னுகினு கீற!"

"சத்தம் போடாதே, இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி இருக்கு" என்றேன்.

அவள் என்ன நினைத்தாளோ, சாவியைப் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள். அன்று மாலையே சுதாவுக்குப் போன் போய்விட்டது. சவாசனத்தில் வெங்கட் சிரித்துவிட்டதால், ஐந்து நிமிடத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் ஆவடியில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு இரத்த உறவு ஒருவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்கு இருப்பது நீ ஒருவன். நீயோ போனில், "ஓடினது போதும்க்கா, இங்க வந்து சும்மா உக்காரு" என்கிறாய். அத்தான் போன பிறகு பதினொரு மாதம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அது சரிப்படவில்லை. ஓட ஆரம்பித்த பிறகுதான் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் வந்தது.

சொன்ன சொல்லை நான் கேட்கமாட்டேன் என்பது உன் பயம். நாளையோடு ஆறு வாரம் முடிகிறது. இதுவரை ஒரு அடிகூட ஓடவில்லை. அடிபட்ட காலில் மட்டும் நாற்பது வினாடி நிற்கிறேன். ரேஷ்மாவே முப்பத்தெட்டு வினாடிதான். படிவத்தை இணைத்திருக்கிறேன், கையெழுத்துப் போடு.

சுதாவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். போன் பேசும்போதாவது அவளை முதுகை நிமிர்த்தி உட்காரச் சொல்.

உன் அக்கா,
லோகநாயகி

பி.கு.: நான் போய்ச் சேர்வதற்குள் தபால்காரர் அமல்ராஜ் பெட்டியைக் காலி செய்துகொண்டு மொபெட்டில் கிளம்பிவிட்டார். ஓடினேன். மூன்றாவது தெருவில் பிடித்தேன். "இன்னாம்மா நீ, ஒரு கொரல் குடுத்தா நின்னிருப்பேன்ல!" என்றார். தெருவில் கத்தக்கூடாது என்று கான்வென்ட்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முழங்காலில் வலி துளிகூட இல்லை, தம்பி! ஆனால் உறையை நீட்டும்போதுதான், ஒரு அடிகூட ஓடவில்லை என்று எழுதியது பொய்யாகிவிட்டது என்று உறைத்தது. பிரித்து, அவருடைய பையின் மேலேயே வைத்து இதை எழுதுகிறேன். அவர் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறார். சம்மதமா இல்லையா என்று போனில் சொல்லாதே. கடிதமாகப் பதில் எழுது, நானே ஓடிப்போய் இவரிடம் வாங்கிக்கொள்கிறேன்.