ஹந்தானையில் இரைந்த கடல்

மன்னார்,
ஐப்பசி.

அன்புள்ள அக்கா அறிவது,

மடு மாதாவின் காவலில் நான் உயிரோடு இருக்கிறேன். கால்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. நீங்கள், அத்தான், பிள்ளைகள் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் பக்கத்து வீட்டுக் கிறிஸ்ரியின் தமையன் வலன்ரைனுக்கு என்னைக் கலியாணம் பேசியிருக்கிறீர்கள். "ஒருநாள் மலையேறிப் பார், மனிசரைத் தெரியும்" என்று சிவந்த இலைப் படங்களோடு எழுதினீர்கள். எங்கள் கோயில் பங்குச் சபையார் ஹந்தானை மலைக்குப் போனபோது அவரும் வந்தார், நானும் போனேன். தெரிந்துகொண்டேன். என் முடிவு, வேண்டாம்.

உங்கள் ஊரில் இலை உதிரும் காலம், இங்கே வானம் உதிரும் காலம். பேராதனையில் படித்த காலமெல்லாம் அந்த மலையை நூலக யன்னலால் மட்டும் பார்த்த நான் எவ்வளவு புத்திசாலி என்று பாதி வழியில் விளங்கியது. மழை, மூடுபனி, பாதையைக் காணவில்லை, அட்டைகள் மட்டும் எங்களைக் கண்டுவிட்டன. என் காலில் ஏறியதற்கு வலன்ரைன் தன் சோற்றுப் பார்சலைப் பிரித்துத் தேசிக்காய் ஊறுகாயைப் பூசினார். அட்டை விழுந்தது, வாசம் இன்னும் போகவில்லை. பிறகு திடீரென்று நின்று கையை உயர்த்தினார்.

"சத்தம் போடாதேங்கோ. கடல் இரையுது. சத்தத்தைப் பிடிச்சு நடந்தா கரை வரும், கரையில றோட்டு வரும்."

"அண்ணை, இது கண்டி!" என்றாள் என்னோடு படிப்பிக்கும் டிலோஜினி ரீச்சர்.

"கண்டியெண்டா என்ன பிள்ளை? இலங்கை தீவுதானே?"

கடற்றொழில் கந்தோரில் வேலை செய்பவர் சொன்னால் மறுப்பார் உண்டா? முழுச் சபையும் செபமாலை சொல்லிக்கொண்டு, சேற்றில் சறுக்கிச் சறுக்கி அவருக்குப் பின்னால் போச்சுது. போய்ச் சேர்ந்தது பைன் மரக் காட்டுக்கு. காற்று மரத்தில இரையுது, அக்கா. அவர் அந்த மரங்களைக் கடன் வாங்கி ஏமாத்தின ஆக்களைப் பாக்கிற மாதிரிப் பாத்துக்கொண்டு நிண்டார். விறகு பொறுக்க வந்த தோட்டத்து அம்மா ஒருத்தி, "கடலுங்களா? அதுக்கு பஸ்ஸுல போகணுமுங்க" என்று எங்களைக் கீழே கொண்டுவந்து விட்டாள். உச்சியை நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை.

இப்படிப்பட்டவரை நம்பி மிச்சக் காலத்தை நடப்பது எப்படி? கிறிஸ்ரியிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். மாதா உங்களை எப்போதும் சமதரையிலேயே நடத்தட்டும்.

அன்புத் தங்கை,
ஜெசிந்தா

பி.கு.: ஒன்றை எழுதாமல் விட்டேன். கையை உயர்த்துவதற்கு முன் அவர் மெதுவாக என்னிடம்தான் கேட்டார், "ரீச்சர், உங்களுக்கும் கேக்குதோ?" புவியியல் பட்டதாரி நான் ஓம் என்றேன். பொய்யில்லை அக்கா, எனக்கும் கடல்தான் கேட்டது. கிறிஸ்ரியிடம் சம்மதம் என்று சொல்லுங்கோ.