மூன்று கிலோ டுரியானும் இடது பக்கக் கம்பியும்

அன்று நடந்தவை, வரிசைப்படி:

1. இரண்டு கம்பிகளை உலையில் சுட்டேன்.
2. எது எந்தக் கம்பி என்று ஒட்டியிருந்த அடையாளம் எரிந்துபோனது.
3. "எனக்குத் தெரியும்" என்று சொன்னேன்.
4. மேலாளரின் காலில் டுரியான் விழுந்தது.

மூன்றாவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம்.

பினாங்கில் மின்கம்பி தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் நான் சேர்ந்த புதிது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எங்கள் புதிய கம்பி செம்புதான். ஆனால் அதற்குள் வேறோர் உலோகம் மெல்லிய இழைகளாக ஓடும். மின்சாரம் ஏறக்குறைய செம்பில் பாய்வது போலவே பாயும். பலமோ பல மடங்கு. சாதாரணச் செம்புக் கம்பி கடும் சூடு பட்டால், ஆறிய பிறகும் வலுவிழந்து கிடக்கும். எங்களுடையது அசராது. இரண்டு வகையிலும் ஒவ்வொரு மெல்லிய கம்பியைச் சுட்டு, எடை தொங்கவிட்டு, வாங்க வருகிறவர்களுக்கு இதை நேரில் காட்ட வேண்டும்.

"இது ஒழுங்கா போச்சுன்னா, உன்னைக் கன்ஃபர்ம் பண்ண நானே கையெழுத்து போடறேன்மா," என்றார் மேலாளர் டேவிட் சார்.

செய்ய வேண்டியவற்றை இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்தேன். (கையுறையின் நிறம்கூட அதில் இருந்தது.) ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் காகித டேப் சுற்றிப் பெயர் எழுதினேன். நானூறு டிகிரியில் காகிதம் என்ன ஆகும் என்பது மட்டும் அந்த இரண்டு பக்கத்தில் இல்லை.

உலையைத் திறந்தபோது இரண்டும் ஒன்றுபோலக் கறுத்துக் கிடந்தன.

"எதும்மா நம்மளது?" என்று கேட்டார் டெக்னீஷியன் குமார் அண்ணன்.

"இடது பக்கம், அண்ணே."

"ஷுவரா?"

"நான்தானே வெச்சேன்! எனக்குத் தெரியும்!"

(வைத்தது நான்தான். கம்பிகள் இருந்த தட்டை வெளியே எடுக்கும்போது திருப்பிப் பிடித்ததும் நான்தான்.) ஆறியதும் விரலால் லேசாக வளைத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஆனால் விருந்தினர் வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில் சந்தேகப்படுவது பொறியாளருக்கு அழகல்ல என்று நினைத்தேன்.

அடுத்த சிக்கல், தொங்கவிட வேண்டிய இரும்பு எடைகள். அவை சரிபார்ப்புக்காக வெளியே போயிருந்தன.

"என் காடியில டுரியான் இருக்கு லா," என்றார் குமார் அண்ணன். "பாலிக் புலாவ் ஊர்ப் பழம். விருந்தாளிங்களுக்கு வாங்குனது."

காரிலிருந்து வந்த அந்த முள் பழத்தைத் தராசில் வைத்தேன். மூன்று கிலோ. எனக்கு வேண்டியதும் அதுதான்.

"டுரியானா? நல்லா இருக்கே லா!" என்று சிரித்தார் வாங்க வந்த குழுவின் தலைவி சாந்தி மேடம். இடது பக்கக் கம்பியில் பழத்தைக் காம்போடு கட்டினோம். டேவிட் சார் அதன் அருகே போய் நின்றுகொண்டார்.

"பாருங்க மேடம், அசையாது."

அசைந்தது. இளகிய செம்பு சட்டென்று அறுவதில்லை. ஜவ்வுமிட்டாய் மாதிரி நீளும். டுரியான் லிஃப்டில் வரும் பெரிய மனிதரைப் போல நிதானமாக இறங்கியது. நான் விளக்கத்தை நிறுத்தவில்லை. "கம்பி இப்போது சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது," என்றேன். அறுந்தது.

"மாதாவே!" என்று அலறி, டேவிட் சார் ஒற்றைக் காலில் நின்றார். (ஆய்வகக் காலணியை விட்டுவிட்டு, விருந்தினருக்காகப் புது ஷூ போட்டிருந்தார்.)

சாந்தி மேடம் சிரிக்கவில்லை. "சரி, இது அறுந்துடுச்சு. இன்னொண்ணு?"

குமார் அண்ணன் அதே பழத்தை மற்றதில் கட்டினார். எல்லோரும் இரண்டடி பின்னால் நகர்ந்தோம். கம்பி இம்மியும் நீளவில்லை. தேநீர் குடித்து முடித்துப் பார்த்தபோதும் பழம் அங்கேயே தொங்கியது.

"எங்களோடது... இதுதான், மேடம்," என்றேன்.

"இப்பதான் சொல்றியா?" நாற்காலியில் காலைத் தூக்கி வைத்திருந்த டேவிட் சாரின் குரல்.

சாந்தி மேடம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏமாத்தறவங்க இவ்ளோ மோசமா செய்ய மாட்டாங்க," என்றார்.

இதை வீட்டில் சொன்னது என் அடுத்த தவறு. நான் எதையாவது உறுதியாகச் சொன்னால் போதும், தம்பி கத்துவான்: "அக்கா ஷுவரா சொல்றா, எல்லாரும் காலைத் தூக்குங்க!" அம்மாவும் தூக்குகிறார்.

கம்பிக்கு ஆர்டர் வந்தது. என் நிரந்தரம் சில மாதங்கள் தள்ளிப்போய், பிறகு டேவிட் சார் கையெழுத்துப் போட்டார். அன்றே என்னிடமிருந்து வாங்கிக்கொண்ட உலையின் சாவி மட்டும் இன்னும் குமார் அண்ணனிடம்தான் இருக்கிறது.