கடல் முழுக்கக் கல்லு

‘பரீட்சையில் எதையும் காலியாக விடாதே, தெரியாவிட்டாலும் ஏதாவது எழுதி வை.’ அண்ணாமலை நகரில் மூன்று வருஷம் கம்ப்யூட்டர் படித்து நான் உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதான். இதை வைத்துத்தான் பாஸ் செய்தேன். இதை வைத்துத்தான் தாய்மாமாவின் பிழைப்பிலும் மண்ணைப் போட்டேன்.

நாங்கள் மீன்பிடிக்கிற குடும்பம். ஆனால் அப்பா சிதம்பரம் மார்க்கெட்டில் கடை போட்டுவிட்டதால், நான் பார்த்து வளர்ந்த மீனெல்லாம் செத்த மீன்தான். மாமா மட்டும் கடலூர்ப் பக்கம் விசைப்படகு வைத்திருந்தார். அவர் மகள் செல்வி மேல் எனக்கு ஒரு கண். (ரெண்டு கண்ணும்தான், ஒண்ணுன்னு சொல்றது மரியாதைக்கு.) மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் நாள் மீன்பாடு நன்றாக இருந்தால் பரிசம் போட்டுவிடலாம் என்று மாமா சொல்லியிருந்தார்.

அந்தத் தடைக்காலத்தில்தான் படகிலிருந்த பழைய ஜிபிஎஸ் மக்கர் செய்தது. புதிது வாங்கிய மாமா, பழையதை என்னிடம் நீட்டினார்.

“டேய், இதுல இருக்கிற எடத்தையெல்லாம் புதுசுல ஏத்திக் குடு. ஏத்திட்டு இதை அழிச்சிடு. இந்தப் பழசை வாங்குறவன் நம்ம எடத்தைப் புடிச்சிடுவான்.”

கம்ப்யூட்டரில் இணைத்தேன். லாக் ஃபைல் வந்தது. ஐயோ, அது ஃபைலா, காக்கா கலைத்த குப்பையா? ஒரு வரியில் தேதி முன்னால், அடுத்ததில் பின்னால். சிலது பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருந்தது. இதெல்லாம் போகட்டும், பாதிக்கு மேற்பட்ட இடங்களுக்குப் பெயரே இல்லை. பெயர் இருந்த இடங்களிலும் ‘கல்லு’, ‘கல்லு’, ‘ஒடஞ்ச போட்டு’ (படகைத்தான் சொல்கிறார்) என்றுதான் இருந்தது.

மாமாவுக்குப் படிப்பு கம்மி, பாவம், பெயர் போட மறந்துவிட்டார் என்று பரிதாபப்பட்டேன். ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். உடைந்த வரியை ஒட்டினேன், தேதியை நேராக்கினேன். பெயர் காலியாக இருந்தால் மேல் வரியின் பெயரையே போடச் சொன்னேன். ஒரு கட்டம்கூடக் காலியில்லாத அட்டவணை வந்தது. அழகுக்காகப் பெயர் வாரியாகவும் அடுக்கி, அதே பெயரில் பழைய ஃபைலின் மேலேயே சேமித்தேன். புதியதில் ஏற்றினேன். பழைய கருவியில் இருந்ததை அழித்தேன். கல்யாணமே முடிந்த மாதிரி இருந்தது.

தடை முடிந்த முதல் நாள் விடியற்காலையில் என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார்கள். கரை மறையும் முன்பே இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டேன். மாமா புதுக் கருவியைத் திருகிக்கொண்டே இருந்தார். அவர் முகம் மாறியது.

“இன்னாடா இது? கல்லு, கல்லு, கல்லு... கடலு முழுக்கக் கல்லாடா?”

“பேர் இல்லாம காலியா இருந்துச்சு மாமா. நாந்தான் ரொப்பி வச்சேன்.”

“அடப்பாவி! வலையைக் கிழிக்கிற எடத்துக்குத்தான்டா பேரு வைப்பேன்! காலியா உட்டதெல்லாம் மீனு இருக்கிற எடம்டா! பேரு வச்சா, படகுல கூட வர்றவன் பாத்துக்க மாட்டானா?”

எனக்கு வாந்தி நின்றுவிட்டது. (பயத்துக்கு அந்த சக்தி உண்டு.)

எது மீன், எது கல் என்று பிரிக்க வழியே இல்லை. பழைய கருவியும் காலி, பழைய ஃபைலும் காலி. மாமா சாமியைக் கும்பிட்டு ஓர் இடத்தில் வலையை இறக்கினார். அது நிஜக் கல். மேலே வந்த வலையில் நானே நுழைந்து வெளியே வரலாம், அவ்வளவு பெரிய ஓட்டை. பக்கத்துப் படகுகள் இறாலோடு திரும்ப, நாங்கள் கிழிந்த வலையோடு கரையேறினோம். அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கரையில் நின்ற செல்வி வலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “படிச்ச மாப்ளதான் வேணும்னு அப்பாகிட்ட சண்ட போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பரிசம் தள்ளிப்போனது. மாமா வலை பின்னும் ஊசியை என் கையில் திணித்தார்.

“ரொப்புறதுதான ஒனக்குப் புடிக்கும்? இந்தா, இதை ரொப்பு. இதை ரொப்பி முடிச்சப்புறம் பரிசத்தைப் பத்திப் பேசலாம்.”

விரலெல்லாம் கிழியக் கிழியப் பின்னினேன். என் பின்னலைப் பிரித்துச் சரிசெய்ய இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கடைசியில் என் மேல் இரக்கப்பட்டோ, வலை மேல் இரக்கப்பட்டோ, மாமா பரிசத்துக்குச் சம்மதித்தார். அவருடைய ‘டேய்’ அன்றோடு ‘வாங்க மாப்ள’ ஆனது.

மகள் பிறந்து பெயர் வைக்கும் நாளில், சொந்தக்காரர்கள் சூழ, ஆசையாகக் குழந்தையின் காதருகே குனிந்தேன். மாமா என் தோளைப் பிடித்து இழுத்தார்.

“நீங்க செத்த தள்ளி நில்லுங்க மாப்ள. ஒங்கள உட்டா என் பேத்திக்குக் கல்லுன்னு வச்சிடுவீங்க.”

பெயரை அவரே வைத்தார். அடுத்துப் பிறந்த மகனுக்கும் அவரேதான். வீட்டில் நாய்க்குட்டி வந்தால்கூட என்னைக் கேட்பதில்லை.