கொள்ளுப்பாட்டியின் மூக்கு

பெரியம்மாவிடம் எப்படி வாடகை கேட்பது என்று எபோவுக்குத் தெரியவில்லை. அதுவும் தானே உண்டாக்கிய பெரியம்மாவிடம்.

ஆப்பிரிக்கக் கடலோர ஊரான கேப் கோஸ்ட்டில் அவன் தெரு முழுக்க விடுதிகளாகிவிட்டன. மீன் உலர்த்திய மொட்டை மாடிகளில் இப்போது குடை விரித்துக் காப்பி கொடுக்கிறார்கள். எபோ வீட்டிலும் கடலைப் பார்த்த அறை ஒன்று உண்டு. தங்கத்தான் ஆள் வரவில்லை.

போன வாரம், அமெரிக்காவிலிருந்து வந்த வெர்னா என்ற முதியவள், அடிமைகளைக் கப்பலேற்றிய கோட்டையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கேட்டு அவன் வீட்டுக்கு வந்தாள். கூடத்துப் படத்தைக் கண்டதும் தண்ணீரை மறந்தாள்.

"யாரு இவங்க?"

"எங்க கொள்ளுப்பாட்டி ஆராபா. எங்க குலத்துக்கே வேர். அட, உங்க மூக்கும் இவங்க மூக்கும் ஒண்ணா இருக்கே! நீங்க எங்க வீட்டுப் பொண்ணாத்தான் இருக்கணும்!"

அறையை வாடகைக்கு எடுத்துப் பெட்டியை இறக்குவாள் என்றுதான் சொன்னான். இறக்கினாள். கூடவே அவன் தோளில் சாய்ந்து அரைமணி நேரம் அழுதாள்.

சாயங்காலமே டாக்சியை வாசலில் நிறுத்திவிட்டு யூஃபி ஓடிவந்தான். எபோவின் தாய்மாமன், வயதில் எபோவைவிடச் சின்னவன், ஆனால் குடும்பத் தலைவன்.

"வீட்டுக்குப் பொண்ணு வந்திருக்கு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையேடா!"

"மாமா, அது சும்மா..."

"சும்மாவா? உங்கம்மா போனப்புறம் நம்ம குலத்துல பொண்ணே கிடையாது. பொண்ணுங்க வழியா இறங்கற வீடு, வாரிசு இல்லாம நிக்குது. சொந்தக்காரிகிட்ட வாடகை ஏதாவது கேட்டுத் தொலைச்சியா?"

"இல்ல மாமா."

"நல்லவேளை."

வாடகை போனது. போகட்டும், இரண்டு நாளில் கிளம்பிவிடுவாள் என்று எபோ நினைத்தான். சீக்கிரம் கிளம்பட்டும் என்று, "ஊர்ல பிள்ளைங்க தேடுவாங்களே பெரியம்மா" என்று எடுத்துக்கொடுத்தான். அவள் உடனே போனில் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு மகள்கள், ஐந்து பேத்திகள்.

"அஞ்சு பேத்தியா!" யூஃபி துள்ளினான். "எல்லாரையும் டிசம்பருக்கு வரச்சொல்லுங்கக்கா! எபோ, உன் ரூமையும் ஒழிச்சுக் குடு."

"நான் எங்க படுக்கறது?"

"விறகு அடுக்கற இடம் சும்மாதானே கிடக்கு?"

ஞாயிற்றுக்கிழமை பெயர் சூட்டினார்கள். வியாழக்கிழமை பிறந்தவள் என்பதால் ஆபா. யூஃபி மண்ணில் ஜின் மதுவை ஊற்றி, இறந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தான். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "பேர் தெரியாம கடலோட போனவங்களே, உங்கள்ல ஒருத்தி திரும்பி வந்திருக்கா" என்றான். போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்த சுற்றுலாக்காரர்களின் கைகள் தாமாக இறங்கின. வெர்னா செருப்பைக் கழற்றி, ஈர மண்ணில் வெறுங்காலை வைத்தாள், சுடுமோ என்று பயந்தவள்போல.

எபோவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பொய் சொன்னவனுக்கே புல்லரித்தால் மற்றவர்கள் கதி என்ன? இனியும் விட்டால் வீடு போய்விடும்.

மறுநாள் குடும்பமே கூடி கென்கே என்ற மக்காச்சோள உருண்டையும் பொரித்த மீனும் தின்றுகொண்டிருந்தபோது எழுந்து நின்றான்.

"மாமா, அவங்க நம்ம ரத்தமே இல்ல. மூக்குக் கதை நான் விட்டது. எங்கிருந்து வந்தவங்களோ, யாருக்குத் தெரியும்!"

ஒருத்தர் கையிலிருந்த மீன் தட்டில் விழுந்தது.

"வாயை மூடுடா!" யூஃபி கத்தினான். "குலத்துல சேர்த்துக்கிட்டவங்க பூர்வீகத்தை வாய்விட்டுச் சொல்லக்கூடாதுன்னு தெரியாது? தண்டம்! ஒரு செம்மறிக்கிடா!"

"உண்மையைச் சொன்னதுக்கா?"

"ஆமா. பொய் சொன்னதுக்குத் தண்டம் கிடையாது."

ஊர்ப்பாஷை புரியாத வெர்னா, "பையன் என்ன சொல்றான்?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு விருந்து வைக்கணுமாம்க்கா. கிடா வாங்கக் கிளம்பறான்."

அவள் எழுந்து வந்து எபோவின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

சந்தையில் கிடாவைப் பிடித்துக்கொண்டு எபோ ஆட்டுக்காரரிடம் பொருமித் தீர்த்தான். "அந்தக் கோட்டைக்கு முதல் கல் வைக்கறதுக்கு முந்தியே இங்க இருக்கற குடும்பம் எங்களது. ஆராபா ரத்தம்! எவளோ வழியில போறவளுக்காக நான் தண்டம் கட்டறேன்."

ஆட்டுக்காரர் பல்குச்சியை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினார். "இதே தண்டத்துக்கு உங்க வீட்டுக்கு நாங்க கிடா குடுக்கறது ரெண்டாவது தடவைப்பா."

"முதல் தடவை எப்போ?"

"எங்க தாத்தா காலத்துல," என்று கயிற்றை அவன் கையில் வைத்தார். "உங்க கொள்ளுப்பாட்டி ஆராபா எங்கிருந்து வந்தாங்கன்னு எவனோ வாயைத் திறந்தானாம். முடிக்க விடல."