யானைக்கும் இரண்டு காது

மலாயாவின் அவசரகாலத்தில் கூலிம் வட்டாரத்தில், காட்டுக்குள் ஓடிப்போன கம்யூனிஸ்டுகளைத் தவிர மற்ற அத்தனை பேருக்கும் முகம் கொடுத்தவர் 'ஆடாதே' அண்ணன்தான். கடவுள் கொடுத்த முகத்தை யார் பார்த்தார்கள்? ரோட்டை மறித்து நிற்கும் போலீஸ்காரர், ஐசி என்ற அடையாள அட்டையில் அண்ணன் எடுத்துக் கொடுத்த முகத்தைத்தான் பார்ப்பார்.

பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் அப்போது கணக்கெழுதும் கிராணி. சைக்கிள் கேரியரில் வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு அண்ணன் வருவார். ஆபீஸ் சுவரில் அதைத் தொங்கவிட்டு, முன்னால் ஒரு ஸ்டூலைப் போடுவார். "சிரிக்காதே! ரெண்டு காதும் தெரியணும்! ஆடாதே!" தோட்டம் முழுக்கக் கேட்கும் குரல். அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆரம்பத்தில் ஒரு காது மறைந்த படம் ஒன்று பதிவு ஆபீஸிலிருந்து திரும்பி வந்துவிட்டதாம். அன்றிலிருந்து காது அவருக்கு மதமாகிவிட்டது. கல்யாண வீட்டில் படமெடுக்கக் கூப்பிட்டால், மாப்பிள்ளையின் தலைப்பாகையைக் கழற்றச் சொல்லிச் சம்பந்திச் சண்டை மூட்டிவிடுவார். ரோட்டுச் சோதனையில் நாங்களெல்லாம் அட்டையை நீட்டிக்கொண்டு தலைகுனிந்து நிற்போம், இவரோ பக்கத்து ஆளின் அட்டையை எட்டிப் பார்த்து, "துவான், அந்தக் காதைப் பாருங்க, எவ்வளவு பாகுஸ்லா, எவ்வளவு அழகுலா! நான் எடுத்தது!" என்று போலீஸ்காரரிடமே பெருமையடிப்பார்.

அந்தச் சமயத்தில் பினாங்கில் ஒரு கேமரா சங்கம் சயாமுக்கு நாலு நாள் படமெடுக்கும் பயணம் ஏற்பாடு செய்தது. எட்டே பேர். வழிகாட்டி, சங்கச் செயலாளரான ஒரு தமிழ் வக்கீல். திரும்பி வந்ததும், எடுத்ததில் சிறந்த ஒரே ஒரு படத்தைச் சங்க மண்டபத்தில் மாட்டுவார்களாம். ரயில் பாதையில் குண்டு வைப்பார்கள் என்று பயந்து இரண்டு பேர் கழன்று கொள்ள, அந்த இடங்களில் அண்ணனும், இரவல் கேமராவோடு நானும் நுழைந்துவிட்டோம்.

புறப்படும் முன் தோட்டத்து ஜனங்களைக் கூட்டி வைத்து அண்ணன் சபதம் போட்டார். "நம்ம படம்தான் அங்க தொங்கும். தொங்கலேன்னா கேமராவை வித்துட்டு, உங்களோட பால்மரம் வெட்ட வந்துடறேன்!"

வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் விழுந்து விழுந்து சிரித்தார். "வாங்கண்ணே, கத்தி தீட்டி வைக்கிறேன்!"

ரயிலிலேயே வக்கீல் பாடத்தைத் தொடங்கிவிட்டார். ஒளி என்றார், நிழல் என்றார். அண்ணன் கையைத் தூக்கி, "காது?" என்றார்.

"இது ஐசி படம் இல்லய்யா, மனுஷா! இது கலை!"

ஹாட்யாயில் மற்றவர்கள் பனியையும் தாமரையையும் படகையும் எடுத்தார்கள். அண்ணன் மீன்காரியைக் கூடைமேல் உட்காரவைத்துக் கொண்டையைச் சரிசெய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். பிக்கு ஒருவரைப் பார்த்ததும் கண்கலங்கியே போனார். "தம்பி, தலையில ஒரு முடி இல்ல! ரெண்டு காதும் என்னமா தெரியுது பாரு!" மூன்று நாளும் எல்லா முகத்தையும் அட்டையில் ஒட்டுகிற மாதிரியே எடுத்தார். வக்கீல் தலையிலடித்துக் கொண்டார். எனக்கு மண்டோரின் கத்தி கண்முன் வந்தது.

கடைசி நாள் மரம் இழுக்கும் யானை ஒன்றைக் காட்டினார்கள். மற்ற கேமராக்களெல்லாம் பக்கவாட்டில் நின்று தும்பிக்கையை எடுத்தன. அண்ணனின் ஃபிலிமில் மிச்சமிருந்தது ஒரே ஒரு படம். நேரே போய் யானையின் முகத்துக்கு முன்னால் நின்றார். யானையா காதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்? விசிறிக்கொண்டே இருந்தது.

"ஆடாதே!" என்றார்.

சயாம் யானைக்குத் தமிழ் தெரியுமா? இன்னும் இரண்டடி முன்னால் போய், தோட்டத்துக் குரலில் ஒரு அதட்டல் போட்டார்: "ஆடாதேன்னு சொல்றேன்ல!"

யானைக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்த யானை என்ன செய்யும்? இரண்டு காதையும் அகல விரித்துக்கொண்டு நேரே வரும். வந்தது! வக்கீல் முக்காலியை அப்படியே போட்டுவிட்டு, கேமராவோடு ஓடினார். எல்லாரும் ஓடினார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால் ஓடியவன் நான். இதில் எனக்கு வெட்கமில்லை. திரும்பிப் பார்த்தால், அண்ணன் கேமராவின்மேல் குனிந்தபடி நிற்கிறார். கிளிக்!

பாகன் கூச்சல்போட்டு அடக்கியபோது, அண்ணனுக்கும் தும்பிக்கைக்கும் நடுவே ஒரு ஸ்டூல் போட இடமிருந்தது.

"ஏண்ணே, ஓடியிருக்கலாம்ல? உசுரு போயிருந்தா?"

"நான் ஓடினா படம் ஆடிப்போயிடும்லா, தம்பி."

பினாங்கில் படங்களைக் கழுவிப் பரப்பினார்கள். வக்கீல் கடைசியாக எடுத்த படத்தில் அவருடைய சொந்தச் சப்பாத்துதான் இருந்தது. அண்ணன் படத்தில் யானை, யானை, யானை! ஓரத்துக்கு ஓரம் இரண்டு காது, நடுவில் நம்மையே முறைக்கும் முகம். வக்கீல் வெகுநேரம் பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்து, தன் கையாலேயே ஆணி அடித்தார்.

துரையிடம் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தோட்டமே லாரியேறிப் பினாங்குக்கு வந்தது. மண்டோர் மாலை கொண்டுவந்தார். யானைக்கு முன்னால் வந்து நின்ற பெண்கள், பழக்க தோஷத்தில், கூந்தலைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். மண்டபமே கைதட்டியது.

அண்ணன் தன் கேமராவை என்னிடம் நீட்டினார். "என்னையும் யானையையும் சேர்த்து ஒண்ணு எடு, தம்பி." மாலையோடு படத்துக்குக் கீழே போய் நின்றார். "சிரிங்கண்ணே!" என்று தோட்டமே கத்தியது. மனுஷன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, இரண்டு காதும் தெரிய நின்றார்.

கழுவிப் பார்த்தால் படம் கலங்கியிருந்தது. "உனக்கும் சொல்லணுமா, ஆடாதேன்னு?" என்று திட்டித் தீர்த்தார். அவர் இம்மி ஆடவில்லை. கண்ணில் நீர் முட்டி, கை ஆடியது எனக்குத்தான். அந்தப் படம்தான் இன்றும் என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.