ஸ்ட்ராத்வெல் தோட்டத்தில் மழையைத் தடுத்த அடுப்புகள்

மழை ஏன் பெய்கிறது, ஏன் பெய்யாமல் போகிறது என்று உலகத்து விஞ்ஞானிகள் நூறு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, அதை ஒன்றே முக்கால் மணி நேரத்தில், நடுவில் தேநீரும் குடித்து, கண்டுபிடித்த பெருமை எங்கள் ஸ்ட்ராத்வெல் தோட்டத்தையே சேரும். தலவாக்கலையிலிருந்து ஐந்து மைல், திம்புள்ளப் பக்கம். கண்டுபிடித்தவர் தோட்டத்துத் துரை, திரு. ரத்னவீர. கண்டுபிடிப்பை அறிக்கைப் புத்தகத்தில் எழுதி வைத்தவன் பெரிய கிளாக்கராகிய நான், சிறில்.

1976ஆம் வருடம் அது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வெள்ளைக்காரத் துரை போய் நம் நாட்டுத் துரை வந்திருந்தார். நாய் மட்டும் பழைய நாய்.

சித்திரையில் வர வேண்டிய மழை வரவில்லை. வைகாசியும் அப்படியே போயிற்று. மேகம் வராமல் இல்லை. பொல்பிட்டிய பக்கமிருந்து கறுத்துக்கொண்டு ஏறி வரும். எங்கள் முகட்டுக்கு மேலே வந்து சற்று யோசிக்கும். பிறகு ஒரு சொட்டுகூட விடாமல் உடப்புசல்லாவைப் பக்கம் நடையைக் கட்டிவிடும். கொழுந்து கருகியது. மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் நூலாக இளைத்தது.

இந்த இடத்தில் முகட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே எண்பது ஏக்கர் காடு இருந்தது. காடு என்பது என்ன? இன்னும் அபிவிருத்தி அடையாத தேயிலை. ஆகவே புதுக்கன்று நடுவதற்காக அதை வெட்டிக் கொளுத்தத் தொடங்கினோம். ஒரேயடியாகக் கொளுத்துவது நாகரிகமல்ல என்று, பங்குனியிலிருந்து வாரத்துக்கு ஒரு துண்டாகக் கொளுத்தினோம். பெரிய மரங்கள் மட்டும் பெக்டரி அடுப்புக்கு வந்தன. மூன்று மாதமாக எங்கள் வானத்துக்கு ஒரு கம்பீரமான சாம்பல் நிறம் கிடைத்திருந்தது.

கொழுந்து குறைந்ததும் கொழும்புத் தலைமைக் காரியாலயம் ஒரு நிபுணரை அனுப்பியது. ஜீப்பிலிருந்து இறங்கியது இருபத்தாறு வயதுப் பெண், டோரீன். ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை வாத்தியாரின் மகள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

துரை ஜீப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "நிபுணர் அடுத்த வண்டியில் வருகிறாரா?"

"நான்தான் சேர்."

"ஓ! அப்படியானால் பெட்டி தூக்க ஒரு ஆள் தருகிறேன்."

அந்த ஆள் செல்லசாமி. தொழிலாளர் வரிசை வீடுகளில், மூன்றாம் லயத்து ஒன்பதாம் காம்பராக்காரன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரன். பன்னிரண்டு நாள் டோரீனும் அவனும் முகட்டில் ஏறினார்கள். விளக்குக் கரி பூசிய கண்ணாடித் துண்டுகளை டோரீன் மேகத்துக்குள் நீட்டுவார். மேகத் துளி பட்ட இடத்திலெல்லாம் கரியில் குழி விழும். குழிகளைப் பூதக்கண்ணாடியில் எண்ணுவார். இதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது.

ஒருநாள் ஆபீஸ் வாசலில் நின்று அவனுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் காதில் விழுந்தது.

"மேகத்துல தண்ணி இருக்குங்க அண்ணே. ஒவ்வொரு துளியும் ஒரு தூசியப் புடிச்சுக்கிட்டுத்தான் உண்டாகும். காட்டுல மகரந்தம், பூஞ்சணப் பொடி, எல மக்குன தூளு எல்லாம் கொஞ்சமா மேல போகும். தூசி கொஞ்சம்னா துளி பெருசாகும். ஒண்ணோட ஒண்ணு சேந்து கீழ விழும். அதான் மழ. பொகையில தூசி கோடிக்கணக்கு. அத்தனையும் அதே தண்ணிக்குப் போட்டி போடுது. துளியெல்லாம் சிறுத்துப்போயி, விழ முடியாம மெதந்துக்கிட்டே போயிருது."

செல்லசாமி யோசித்தான். "கூப்பனுக்கு அளந்து குடுக்குற மாவு மாதிரிங்களா மிஸ்? எட்டுப் பேருக்குப் பிரிச்சா ஆளுக்கொரு ரொட்டி. எண்ணூறு பேருக்குப் பிரிச்சா கை வெள்ளையாகும், வவுறு நெறையாது."

"அதேதாங்க!" என்று டோரீன் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். விஞ்ஞானம் இப்படி லயத்துக்கு இறங்கிப் போவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அறிக்கை ஆறு பக்கம். முகட்டில் எரிப்பதை உடனே நிறுத்த வேண்டும். மிச்சமிருக்கும் இருபது ஏக்கரைத் தொடக் கூடாது. பெக்டரிப் புகையைக் குறைக்க வேண்டும். ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி: "லயத்து அடுப்புகளின் புகை மிக அற்பம், கணக்கில் எடுக்கத் தேவையில்லை."

துரை கூட்டம் கூட்டினார். டோரீனுக்கும் அழைப்பு அனுப்பப்பட்டது. கூட்டம் முடிந்த மறுநாள் அது அவருக்குக் கிடைத்தது.

"காரணம் என்ன?" என்றார் துரை.

"புகை சேர்," என்றேன்.

"எந்தப் புகை?"

வெளிவேலை பார்க்கும் கண்டாக்கு லோரன்ஸ் வாய் தவறி, "முகட்டுல எரியிற…" என்று ஆரம்பித்தார்.

"அது அபிவிருத்தி."

"பெக்டரிச் சிம்னி…"

"அது அந்நியச் செலாவணி."

துரை ஜன்னலருகே போய் நின்றார். கீழே லயங்களின் கூரை வழியாக, வேலை விட்டு வந்தவர்கள் மூட்டிய அடுப்புப் புகை மெல்லிசாகக் கசிந்துகொண்டிருந்தது. துரை அதையே பார்த்தார். நாங்களும் எழுந்து போய்ப் பார்த்தோம். ஒரு பெரிய உண்மை பிறக்கும்போது இப்படித்தான் எல்லோரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள்.

தீர்மானம் நிறைவேறியது. 'மழை மீட்பு' முடியும்வரை லயங்களில் மாலை ஐந்து முதல் ஆறுவரை மட்டுமே அடுப்பு எரியலாம். "அறிக்கையை ஒரு பக்கமாகச் சுருக்கு" என்றார் துரை. சுருக்கினேன். காடு போயிற்று, சிம்னி போயிற்று, ஐந்தாம் பக்கத்து வரியும் போயிற்று. "புகையே காரணம்" என்பது மிஞ்சியது. என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் எழுதியதில்லை.

லோரன்ஸுக்கு ஒரு பைனாகுலர் கொடுக்கப்பட்டது. விடியற்காலையில், ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்து மேட்டில் நின்று கூரைகளைக் கண்காணித்தார். சனங்கள் முதல்நாள் ரொட்டியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டு மலைக்குப் போனார்கள். தேயிலை விளைகிற தோட்டத்தில் காலையில் ஒரு வாய்த் தேநீர் இல்லை என்று சிலர் முணுமுணுத்தார்கள். விஞ்ஞான நோக்கு அற்றவர்கள்.

நாலாம் நாள் காலை ஐந்தரைக்கு ஒன்பதாம் காம்பராவில் புகை தெரிந்தது. செல்லசாமியின் மனைவி நாகலெட்சுமி பிள்ளை பெற்று எட்டு நாள்தான். பனி எலும்பைக் குடையும் நேரம். பிள்ளை விறைக்கிறது என்று அவன் அடுப்பை மூட்டியிருக்கிறான். இரண்டு காவல்காரர்கள் போய் அடுப்பில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள். பிள்ளைமேல் படாமல் மிகக் கருணையாக ஊற்றினார்கள். அடுப்புக் கற்கள் மூன்றும் 'சான்றுப் பொருள்' என்று என் மேசைக்கு வந்தன.

விசாரணை அன்று பகலே நடந்தது. இந்த முறை டோரீனுக்கு அழைப்பு நேரத்துக்கே போயிருந்தது.

"எத்தனை துகள் விட்டாய்?" என்று கேட்டார் துரை.

"வெந்நி ஒரு சட்டிங்க தொரை."

"துகளைக் கேட்டேன்."

"பச்சப் புள்ளைங்க. கையி காலு நீலமாப் போச்சுங்க."

துரை டோரீன் பக்கம் திரும்பினார். "நிபுணர் சொல்லட்டும். அடுப்புப் புகையில் துகள் உண்டா, இல்லையா?"

"உண்டு சேர், ஆனா…"

"உண்டு. கிளாக்கர், எழுது."

எழுதினேன். 'ஆனா'வுக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. டோரீன் எழுந்து நின்று, அறிக்கையின் ஐந்தாம் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். அறிக்கை ஒரே பக்கம்தான் என்று நான் பணிவோடு எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது நான் எழுதுனது இல்லீங்களே."

"சுருக்கம் மிஸ்," என்றேன்.

செல்லசாமிக்கு இரண்டு வாரம் வேலையிலிருந்து இடைநிறுத்தம். கற்களை அவன் கேட்டான். மேன்முறையீட்டுக் காலம் முடியும்வரை சான்றுப் பொருளை விடுவிக்க முடியாது என்று விதியைச் சொன்னேன். மேன்முறையீடு செய்யப் போவதில்லை என்றான். அதையும் எழுத்தில் தர வேண்டும் என்றேன். அவனுக்கு எழுதத் தெரியாது.

அன்று மாலை டோரீன் தன் பெட்டியில் இருந்த சின்ன மண்ணெண்ணெய் அடுப்பைக் கொண்டுபோய் ஒன்பதாம் காம்பராவில் வைத்தார். அதிலும் புகை வரும் என்று லோரன்ஸ் மறுநாளே எடுத்துக்கொண்டு வந்தார். இதைக் கொடுத்த குற்றத்துக்காக டோரீன் அம்பாந்தோட்டைக்கு மாற்றப்பட்டார். அங்கே கடற்கரையில் உப்புத் துகள் எண்ணும் வேலை.

தடை வந்த பதினோராம் நாள் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். போய்ச் சேரும்போது சுவாசம் இல்லை. இறப்புப் பதிவுக்கான கடிதத்தை நான்தான் எழுத வேண்டும். காரணம் என்ற இடத்தில், குளிர் என்று டிஸ்பென்சர் சொன்னார். காலநிலை சம்பந்தப்பட்ட விஷயங்கள் ஆராய்ச்சியில் இருப்பதால், 'பிறவிப் பலவீனம்' என்று எழுதினேன்.

கடிதத்தை வாங்க வந்த செல்லசாமியிடம், நல்லெண்ணத்தின் அடையாளமாக, மூன்று கற்களையும் எடுத்து நீட்டினேன்.

அவன் கை நீட்டவில்லை. "இருக்கட்டுங்கய்யா. வெந்நி வச்சுக் குடுக்க இனி புள்ள இல்ல."

ஆனியில் மழை வந்தது. எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அதற்கு முந்திய வாரம் முகட்டில் கொளுத்துவதற்குக் காடு மிச்சமில்லாமல் போய், நெருப்பு தானாக அவிந்திருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று அம்பாந்தோட்டையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடிதக் கோவையில் போட்டேன்.

துரை பெரட்டுக் களத்தில் குடை பிடித்துக்கொண்டு பேசினார். "உங்கள் ஒத்துழைப்பால் மழையை மீட்டோம்" என்றார். தொழிற்சங்கத் தலைவர் மாலை போட்டார். தலைமைக் காரியாலயத்திலிருந்து எனக்கும், சுருக்கமாக எழுதும் திறனைப் பாராட்டி, ஒரு சான்றிதழ் வந்தது. அடுப்புத் தடை நீங்கியது.

அடுத்த வாரம் ஒரு காலை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் என் குவாட்டர்ஸ் வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். உள்ளே என் மனைவி சுகிர்தம் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். நாகலெட்சுமி தலையில் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு கொழுந்துக்குப் போகிறவள், எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். சிம்னியிலிருந்து நல்ல தடித்த புகை போய்க்கொண்டிருந்தது. ஒருநாளும் அது நின்றதில்லை. தீர்மானம் லயங்களுக்கு மட்டும்தான், எழுதியவனுக்குத் தெரியாதா?

"கிளாக்கரய்யா," என்றாள். "அம்புட்டு நாளும் ஒங்க வூட்ல பொகஞ்சுச்சு. இன்னைக்கும் பொகயுது. மழ பேஞ்சுக்கிட்டுத்தானே இருக்கு. எங்க அடுப்ப மட்டும் எதுக்குங்க அணச்சீங்க?"

கேள்வி எழுத்து மூலம் சமர்ப்பிக்கப்படாததால், பதில் அளிக்கப்படவில்லை.